ஒரு ‘ஆகட்டும்’ எப்படிக் கேட்க வேண்டும்

தமிழில் ‘ஆகட்டும்’ என்பதைப் போல ஆளை ஏமாற்றுகிற சொல் வேறு இல்லை. காமராசரிடம் கோரிக்கையோடு போனவர்கள் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்ற பதிலோடு திரும்பினார்கள். அது வாக்குறுதியா, வெறும் வழியனுப்புதலா என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். தச்சர் ‘ஆகட்டும்’ என்றால் அடுத்த வாரமும் வரமாட்டார் என்று அர்த்தம். என் பாட்டி மருமகள்களிடம் தோற்றுப்போகும் நாட்களில் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஓர் ‘ஆகட்டும்’ சொல்வாள். இரண்டு நாளைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். அதே பாட்டி, தாத்தா இறந்த இரவு, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஒரே ஒரு முறை ‘ஆகட்டும்’ என்றாள். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

கிறிஸ்தவர்கள் ‘ஒப்புக்கொடுத்தல்’ என்று சொல்வது பாட்டியின் இந்த இரண்டாவது ‘ஆகட்டும்’. நான் என்கிற பிடியைத் தளர்த்தி, இறைவனின் நோக்கம் எதுவோ அதற்குத் தன்னைத் தருவது. புராட்டஸ்டண்டு வீடுகளில் ‘கர்த்தருடைய சித்தம்’ என்பார்கள், கத்தோலிக்கர்கள் ‘திருவுளம்’ என்பார்கள். விசுவாசம் உள்ளவர்களுக்கு மட்டுமே இது விளங்கும் என்று நினைத்து மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பாடத் தெரியாதவர் கச்சேரியை ரசிப்பதில்லையா? இதற்கும் தேவை கொஞ்சம் காதுப் பழக்கம். பழகிக்கொள்ள ஊட்டி நல்ல இடம். சுற்றுலாப் பயணிகள் வர்க்கி வாங்கப் போகும் இதே ஊரில் 1870களில் இருந்த ஒரு பெண் அப்படி ஓர் ‘ஆகட்டும்’ சொன்னார். அதைச் சொன்ன பெண்ணுக்கு வருமுன், சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்த்துவிடலாம்.

வானதூதர் கபிரியேல் வந்து இயேசுவைப் பெறப்போகும் சேதி சொல்கிறார், மரியா சம்மதிக்கிறார். அந்தச் சம்மத வினை பழைய தமிழ் வேதாகமத்தில் ‘ஆகக்கடவது’. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘நிகழட்டும்’. லத்தீனில் ‘ஃபியாத்’. கிரேக்க மூலத்தில் அது ஆசையைத் தெரிவிக்கும் வினைவடிவம். நம் இலக்கணத்தில் இதற்கு நெருங்கிய உறவு வியங்கோள்: வாழ்த்த, வைய, வேண்ட, விதிக்க எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான். ‘ஆகக்கடவது’ என்பதில் விதித்தலின் வாடை தூக்கலாக அடிக்கிறது. ‘நிகழட்டும்’ என்பது ஓரமாக ஒதுங்கி வழிவிடும் தொனி. மூலத்தில் இருக்கும் ஆசையின் துடிப்பு இரண்டிலும் சற்றுக் குறைவு என்பது என் மனக்குறை. சம்மதிக்கிற பெண் ஆசைப்பட்டும் சம்மதிக்கலாம் இல்லையா?

அதைவிட முக்கியமானது, சம்மதத்துக்கு முன்னால் அவர் கேட்கும் கேள்வி. இது எப்படி நடக்கும் என்று தூதரிடமே கேட்டுவிடுகிறார். தூதரும் கோபித்துக்கொள்ளாமல் விளக்குகிறார். அதன் பிறகுதான் சம்மதம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் அப்படித்தான். துன்பக் கிண்ணம் தன்னை விட்டு நீங்க வேண்டும் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்கிறார். மத்தேயு நற்செய்தியின்படி மூன்று முறை ஜெபிக்கிறார். தன் விருப்பத்தை மறைக்கவில்லை, அதைச் சொல்லிவிட்டுத்தான் ‘ஆனாலும்’ என்று திரும்புகிறார். ரசிகர் காது கொடுக்க வேண்டியது இந்த ‘ஆனாலும்’ என்ற திருப்பத்துக்கு. அதற்கு முன்னால் ஒரு விருப்பம் கேட்கவில்லை என்றால், பின்னால் வரும் ‘ஆகட்டும்’ பெரும்பாலும் என் பாட்டியின் முதல் வகைதான்.

கண்ணால் பழக விரும்பினால் இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைப்பேசியிலேயே கிடைக்கும். சிமோனே மார்த்தினி 1333இல் வரைந்த, கபிரியேல் சேதி சொல்லும் மங்கள வார்த்தைக் காட்சியில் மரியா உடலைத் திருப்பி, போர்வையை இழுத்துக்கொண்டு பின்வாங்குகிறார். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் விரலை வைத்திருக்கிறார், பக்கம் தவறிவிடக் கூடாதாம். இன்னொன்று, ஒரு நூற்றாண்டு கழித்து ஃபிரா ஆஞ்சலிக்கோ புளோரன்ஸ் நகரின் சான் மார்கோ மடத்தில் தீட்டிய சுவரோவியம். அதில் மரியாவும் தூதரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கைகளை மார்பின் மேல் குறுக்காக மடித்திருக்கிறார்கள். யார் யாரைப் பணிகிறார்கள் என்றே சொல்ல முடியாது. நம் வீட்டுக் காலண்டர்களில் வருவது குனிந்த தலை மட்டும்தான். பின்வாங்கிய உடம்பைப் பார்க்காமல் குனிந்த தலையை மட்டும் பார்ப்பது ஆலாபனையைத் தள்ளிவிட்டுப் பல்லவி கேட்பது மாதிரி.

இப்போது ஊட்டிக்கு வருவோம். பிரான்சின் நாந்த் நகரத்தில் 1839 மே 21 அன்று ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் எலேன் த ஷப்போத்தேன். 1860 டிசம்பரில் கிளாரம்மாள் சபை மடத்தில் சேர்ந்தார். அடைபட்ட மடம், கடும் ஏழ்மை. அடுத்த மாதமே, 1861 ஜனவரி 23 அன்று, திருச்சபைக்காகவும் திருத்தந்தைக்காகவும் தன்னைப் பலியாகத் தரும்படி இறைவன் அழைப்பதாக உணர்ந்தார். தந்தேன் என்று சொன்ன கையோடு கடும் நோய் வந்து, மடத்தைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. வரலாற்றுச் சுருக்கங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். நீங்கள் கடக்காதீர்கள். எல்லாவற்றையும் தருகிறேன் என்றவரிடம், சரி, வீட்டுக்குப் போ என்று சொன்னால் எப்படி இருக்கும்? ‘நான் ஒரு பெரிய பலி’ என்கிற எண்ணமும் ‘நான்’தானே. அதையும் அந்த நோய் வாங்கிக்கொண்டது என்பது என் வாசிப்பு.

1864இல் மரிய பரிகார சபை என்ற வேறொரு சபையில் சேர்ந்தார். துலூஸ் நகரில் துறவற உடையோடு கிடைத்த பெயர் ‘பாடுகளின் மரி’. இந்தப் பெயர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைவிடத் தமிழில் அதிகம் சொல்கிறது. அங்கே அந்தப் பெயர் கிறிஸ்துவின் துன்பத்தையே நினைவூட்டும். நமக்குப் ‘பாடு’ என்றால் துன்பம், பாடுபட்டால் உழைப்பு, ‘அவரவர் பாடு’ என்றால் அவரவர் தலையில் விழுந்தது. துறவிகள் இறைவனுக்குக் கொடுக்கும் வாக்குக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் வார்த்தைப்பாடு. துன்பம், உழைப்பு, விதி, வாக்கு நான்கும் ஒரு சொல்லுக்குள் அடங்கிய மொழி அது. அதைப் பேசும் ஊருக்குத்தான் அவரை அனுப்பினார்கள். 1865 மார்ச்சில், இன்னும் பயிற்சியில் இருந்த நவகன்னியாக, மதுரை மறைத்தளத்துக்கு.

மறு ஆண்டு மே 3 அன்று முதல் வார்த்தைப்பாடு. 1867 ஜூலையில் அங்கிருந்த மூன்று மடங்களுக்கும் மாநிலத் தலைவி ஆனார். வயது 28. நிர்வாகத்தில் கெட்டிக்காரி, ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த மனத்தாங்கல்களைத் தணித்தார் என்கிறது அவருடைய வரலாறு. 1874இல் ஊட்டியில் ஒரு புதிய இல்லம் திறந்தார்கள். அப்போது நான்கு ஆண்டுகளாகத்தான் ஊட்டி மதராஸ் அரசின் கோடைத் தலைநகர். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது, அதற்கு மேல் மலைப்பாதையில் வண்டி கட்டிக்கொண்டு ஏற வேண்டும். நாம் படம் பிடிக்கும் மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899இல், ஊட்டியை 1908இல்.

கீழே மதுரையில் தணிந்தது மீண்டும் பற்றிக்கொண்டது. 1876இல் இருபது கன்னியர்கள் சபையைவிட்டு வெளியேறி ஊட்டியில் ஒன்றுகூடினார்கள், கோவை மறைத்தளத்தின் ஆயர் ஜோசப் பர்து அவர்களின் பொறுப்பில். அந்த இருபது பேரில் பாடுகளின் மரியும் ஒருவர். நவம்பரில் அவரே ரோமைக்குக் கிளம்பினார். 1877 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, நம் ஊர்ப் பெரியவர்கள் பத்திநாதர் என்று தமிழாக்கிக் கூப்பிடும் ஒன்பதாம் பயஸ், மறைப்பணிக்கென்றே ஒரு புதிய சபையைத் தொடங்க அனுமதி தந்தார். பின்னாளில் அது அசிசி பிரான்சிஸின் குடும்பத்தில் சேர்ந்தது. இன்று நாம் எஃப்.எம்.எம். சிஸ்டர்கள் என்று சொல்பவர்கள் அவர்கள்தான். ஊட்டியின் நாசரேத் கான்வென்ட் அவர்களுடையது. சென்னை வாசகர்களுக்கு, 1947 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி என்றால் புரியும்.

ரசிகரின் முதல் சோதனை இங்கேதான். கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்த பெண் சபையைவிட்டு வெளியேறுகிறார், தொலைதூரம் பயணம் செய்து மேலிடத்தில் வாதாடுகிறார், புதிய சபைக்குத் தலைவியாகிறார். இதில் ‘நான்’ எங்கே கரைந்தது? பக்தி நூல்கள் அவசரமாக வந்து, எல்லாம் இறைசித்தம் என்று ஈரத்துணியால் துடைத்துவிடும். எனக்கு அந்தத் துடைப்பு பிடிப்பதில்லை. அந்த ஆண்டு அவர் செய்தது சரியா என்று யாரும் கேட்டால், இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது என்பேன்.

ஆனால் அதோடு நிறுத்தாமல் ஏழு வருடம் தள்ளிப் பாருங்கள். 1883 மார்ச். சபைக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டு, அவர் தொடங்கிய சபையின் தலைமையிலிருந்து அவரையே நீக்குகிறார்கள். வெளியேறத் தெரியாதவர் இல்லை. ஒரு முறை வெளியேறிக் காட்டியவர். வழியும் தெரியும், ரோமையின் கதவுகளும் தெரியும். இந்த முறை அவர் போகவில்லை. தான் பெற்ற வீட்டில், தலைமை பறிபோன ஒருத்தியாகத் தங்கினார். திருத்தந்தை பதிமூன்றாம் லியோ விசாரணைக்கு உத்தரவிட்டார், குற்றமில்லை என்று தெளிவானது, 1884 ஜூலையில் சகோதரிகள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மறுதேர்தல் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. நான் திரும்பத் திரும்பப் போவது 1883 மார்ச்சுக்கும் 1884 ஜூலைக்கும் நடுவில் இருக்கும் பதினாறு மாதங்களுக்கு. 1876ஐ அறியாமல் அந்தப் பதினாறு மாதத்தைப் பார்த்தால், பாவம், பொறுமைசாலி என்று தோன்றும். அறிந்தபின் பார்த்தால், அத்தனை பலமுள்ள ஒரு கை, தன் பிடியைத் தானே விடுவது தெரியும்.

வைணவத்தில் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் குரங்கும் பூனையும் நினைவுக்கு வரும். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். வடகலை, தென்கலை சரணாகதிகளுக்கு நாம் கேட்டு வளர்ந்த உவமைகள். கிறிஸ்தவ ‘ஆகட்டும்’ இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அங்கே தாய் குட்டியின் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். கபிரியேலின் கதையில் மூச்சைப் பிடிக்க வைப்பது சேதி அல்ல, சேதிக்கும் சம்மதத்துக்கும் நடுவில் உள்ள அந்த நொடி.

நீலகிரியில் பிரசங்கம் கேட்பவர்களுக்கு வேறோர் உவமை தயாராக இருக்கும்: தேயிலை. விட்டால் மரமாகி நிற்க வேண்டிய செடி. இடுப்பு உயரத்தில் நிறுத்தி, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதால்தான் கொழுந்து விடுகிறது. அகந்தையைக் கவாத்து செய்தால் கனி கிடைக்கும் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. கவாத்து முடிந்த தோட்டத்தின் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன், பசுமை போய் வெறும் குச்சிகள், வெட்டுவாயில் ஈரம், தரையெல்லாம் சருகு. உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. செடியிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த ஓட்டையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களிடம் எந்த மலையில் வாழ விருப்பம் என்று இரண்டு அரசுகளும் கேட்கவில்லை. அந்த லைன் வீடுகளில் இருக்கும் ஒரு பெண்ணிடம், கூலி குறைந்த மாதத்தில், உன்னை வெறுத்து ஒப்புக்கொடு என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னால் அது ஆன்மிகம் அல்ல, கங்காணித்தனம். ஒப்புக்கொடுத்தல் தன் வாயால் சொல்லும்போது அழகு. அடுத்தவருக்கு உத்தரவாகப் போகும்போது அதைவிட அசிங்கம் கிடையாது. ஷப்போத்தேன் குடும்பத்துப் பெண்ணிடம் விடுவதற்கு நிறைய இருந்தது. இருக்கிறவர் விடுவதை ரசிக்கலாம். பறிகொடுத்தவரிடம் அதே ராகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் அந்த லைன் வீடுகளில், யாரும் சொல்லாமலே, இரவு ஜெபத்தில் ஓர் ‘ஆகட்டும்’ எழுவதுண்டு. அதை நான் விளக்க முயல மாட்டேன்.

ஊட்டியில் அரை நாள் இருந்தால் காதுக்கும் கண்ணுக்கும் இரண்டு பயிற்சிகள். முதலில் புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போங்கள். 1829இல் அடிக்கல் நாட்டி 1831இல் திறந்த கோயில். உத்தரங்களுக்கான மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தது. எல்லோரும் அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் சுவரைப் பாருங்கள். நினைவுக் கல்வெட்டுகள்: பெயர், பட்டம், படைப்பிரிவு, பதவி. வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். பெயரைக் கல்லில் பிடித்து வைக்கும் ஆசை மனித ஆசை, அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அதன் பிறகு, எந்த ஊரிலாவது, கன்னியர் மடத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். பொதுவாக ஒரே அளவுச் சிலுவைகள், துறவறப் பெயர், இரண்டு தேதிகள். தலைமை வகித்தவர் யார், சமையலறையில் இருந்தவர் யார் என்று அங்கே தெரியாது.

இரண்டாவது பயிற்சி கொஞ்சம் கடினம். நற்கருணை ஆராதனை நடக்கும் ஒரு சிற்றாலயத்தில் ஒரு மணி நேரம் உட்காருவது. தினசரி ஆராதனை எஃப்.எம்.எம். சகோதரிகளின் வாழ்வில் ஓர் அச்சாணி. வெளியே பள்ளி, மருத்துவமனை என்று எவ்வளவு ஓட்டம் இருந்தாலும், முறை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். பேச்சில்லை, பாட்டில்லை, ரசிக்க என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். மலையில் ஒரு டிசம்பர் காலை. எனக்கு முன் பெஞ்சில் எழுபது தாண்டிய ஒரு சிஸ்டர், சாம்பல் நிற ஸ்வெட்டர், செருப்புக்குள் கம்பளி சாக்ஸ். உள்ளங்கைகள் இரண்டும் மேலே பார்க்க மடியில் கிடந்தன. நான் மனசுக்குள் என் பட்டியலை ஓட்டிக்கொண்டிருந்தேன்: மூட்டு வலி, வராத பென்ஷன் அரியர், தங்கையோடு முடியாத ஒரு வழக்கு, இந்தக் கட்டுரை. இடையிடையே அவர் விரல்களைப் பார்த்தேன். அவையும் அசைந்துகொண்டுதான் இருந்தன, கட்டை விரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டு, யாருக்கோ கணக்குச் சொல்வது மாதிரி. எனக்கு ஆறுதலாக இருந்தது, அவருக்கும் பட்டியல் இருக்கிறதே. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. ஒரு கட்டத்தில் கட்டை விரல் சுண்டு விரலுக்குப் போகும் வழியில் நின்றது. அப்படியே, பாதி வழியில். பிறகு கை விரிந்தது.

அந்த இடத்தைத் தவறவிடாதிருக்கத்தான் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறேன். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டால் பட்டியல் மட்டும்தான் கிடைக்கும்.

ஒரு பின்கதை. பாடுகளின் மரியின் வாழ்க்கை ஊட்டியில் முடியவில்லை. 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரேமோவில் இறந்தார். அப்போது சபையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகள், நான்கு கண்டங்களில் 86 இல்லங்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1900 ஜூலை 9 அன்று, சீனாவின் தாய்யுவானில் அவருடைய சகோதரிகள் ஏழு பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். பலியாகத் தன்னைத் தந்தவர் படுக்கையில் இறந்தார், அவர் அனுப்பியவர்கள் பலியானார்கள். இது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் அந்த வாழ்க்கையைப் படித்து முடிக்க முடியாது. 2002 அக்டோபர் 20 அன்று இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளர் என்று அறிவித்தார்.

கடைசியாக ஊட்டி போனபோது சேரிங் கிராஸில் ஆட்டோ பிடித்து, நாசரேத் கான்வென்ட் போக வேண்டும் என்றேன்.

“அங்கயாம்மா? மூணரைக்கு முன்னாடி போயிரணும். ஸ்கூல் விட்டாங்கன்னா வண்டி நகராது” என்றார் டிரைவர்.

போகிற வழியில் கேட்டேன், அதை ஆரம்பித்தது யார் என்று தெரியுமா என்று. கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“சிஸ்டருங்கதான்” என்றார்.